ரெண்டு அங்குலம்

கீரனூர் என்றதும், 'புதுக்கோட்டைப் பக்கமா?' என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது பழனிக்குப் பக்கத்துக் கீரனூர், திண்டுக்கல் மாவட்டம். இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அந்தக் கீரனூரைச் சுற்றிவிட்டு, பிறந்த குழந்தைக்குக் காதுகுத்து முடிந்த பிறகு என் கைக்கு வந்திருக்கிறது.

எங்கள் தெரு முனையில் ஒரு லேத் பட்டறை. நடத்துகிற தம்பிக்கு இருபத்துநாலு வயசு. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் கை பழகினவன். மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், என் மாமியாரின் வெற்றிலை உரல் என்று எதைக் கொடுத்தாலும் செய்து கொடுத்துவிடுவான். 'முடியாது' என்ற வார்த்தையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வினை அங்கேதான்.

போன ஐப்பசியில் ஒருநாள் நான் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, மக்காச்சோளக் காட்டுக்காரர் ஒருவர் சாக்கில் சுற்றிய நீளமான சாமானோடு வந்தார். பிரித்தால், ஒற்றைக் குழல் துப்பாக்கி! குழல் வாய்க்கு அருகே பாம்பு எலியை விழுங்கின மாதிரி ஒரு வீக்கம்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி. வீங்கின இடத்தை மட்டும் ரெண்டு அங்குலம் அறுத்து, வாயை ராவிக் குடுத்துட்டாப் போதும். எங்க தாத்தன் பட்டாளத்துல இருந்து கொண்டாந்தது. கெட்டி இரும்பு."

"முந்நூறு ரூவா ஆகுமுங்கண்ணா" என்றான் தம்பி. பிளேடைக்கூட மாட்டிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஹவில்தார் மாமா உள்ளே வந்தார். ராணுவத்தில் இருந்து, ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழலோடு ஸ்டூலில் உட்கார்ந்து, இப்போது அதிலிருந்தும் ஓய்வு பெற்றவர். வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. துப்பாக்கியை வாங்கி, குழலைத் தரைப் பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"டேய், மெஷினை நிறுத்து."

அப்புறம் ஒரு விசாரணை. காட்டுக்காரரிடம் லைசென்ஸ் இருந்தது, அதுவும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு. ராத்திரி காவலுக்குப் போனபோது வரப்பில் சறுக்கி விழுந்திருக்கிறார். குழல் வாயில் சேறு ஏறியதைக் கவனிக்கவில்லை. பன்றிகளை விரட்ட மேலே பார்த்து ஒரு வெடி போட்டிருக்கிறார். வெளியே போக வேண்டிய ரவையும் புகையும் சேற்றில் முட்டி, அழுத்தம் எகிறி, இரும்பு உப்பிவிட்டது. "வீக்கத்தோட போச்சே, பழநியாண்டவர் புண்ணியம். குழல் பொளந்திருந்தா இந்நேரம் இடது கை இருக்காது" என்றார் மாமா.

"அதுக்குத்தானுங்களே அறுக்கச் சொல்றேன்?"

"அந்தக் கடைசி ரெண்டு அங்குலத்துலதான் குழல் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், ரவையைச் சேர்த்துப் பிடிக்க. அதை வெட்டினா ரவை கண்டபடி சிதறும். அதை விடுங்க. வெட்டுறது யாரு? இவன்தானே?"

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை மாமா மனப்பாடமாக வைத்திருந்தார். வங்கி ஸ்டூலில் வேறு என்ன வேலை! 5-வது பிரிவின்படி துப்பாக்கி ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் வேண்டும். 6-வது பிரிவு, அப்படி லைசென்ஸ் இல்லாதவர் குழலைக் குறைக்கவே கூடாது என்கிறது. மீறினால் 25-வது பிரிவு. 2019-ல் திருத்திய பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். வீங்கியதால் வெட்டினேன், கொள்ளையடிக்க வெட்டவில்லை என்ற சமாதானத்தைக் கோர்ட்டில்தான் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தம்பி சத்தமில்லாமல் பிளேடைக் கழற்றினான். முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று மாசத்தில் அவனுக்குக் கல்யாணம்.

டீ வந்தது. "அப்புறம், இது பட்டாளத்துத் துப்பாக்கியே இல்லீங்க. சாதாரண 12 போர்" என்றார் மாமா. காட்டுக்காரருக்குக் குழல் வீங்கினதைவிட இதுதான் பெரிய அடி. தாத்தன் பெருமை அல்லவா!

பட்டாளத்துத் துப்பாக்கி அவ்வளவு லேசில் வீட்டுக்கு வராது. அமெரிக்காவில் அப்படியில்லை. நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைஃபிள்களே பழசானதும் அங்கே கடைக்கு விற்பனைக்குப் போயின. அங்கே ஆட்கள் வாங்கிக் கட்டையை மாற்றி, ராவி, பாலிஷ் போட்டுப் பொழுதுபோக்காகச் சட்டப்படியே செய்கிறார்கள். இங்கே த்ரீ நாட் த்ரீ என்பது தடை செய்யப்பட்ட போர். பொதுஜனத்துக்கு என்று அரசுத் தொழிற்சாலை செய்கிற ரைஃபிள் .315. பார்த்தால் த்ரீ நாட் த்ரீயின் தம்பி மாதிரியே இருக்கும். ஆனால் அண்ணன் தோட்டா தம்பிக்குச் சேராது.

இன்னும் சாமர்த்தியமான வேலை 410 மஸ்கட். த்ரீ நாட் த்ரீயை எடுத்து, குழலின் உள்ளே இருக்கிற புரியை வழித்து, தோட்டா அடுக்குகிற இடத்தில் கட்டையைச் செருகி, ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் சுடலாம் என்று ஆக்கினார்கள். போலீஸுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுத்தார்கள். கலவரத்தில் யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் அதை ராணுவ ரைஃபிள் போலப் பயன்படுத்த முடியாது. கடையில் கிடைக்கும் சாதாரண 410 தோட்டாவும் சரியாக உட்காராது. அமெரிக்காவில் இதை வாங்கினவர்கள் தோட்டா அறையைத் திரும்பக் கடைந்துகொண்டார்கள் என்று படித்திருக்கிறேன்.

என் அனுபவம் அதற்கும் ஒரு படி கீழே. கல்லூரி என்.சி.சி.யில் எனக்குத் தந்தது 'டி.பி.' ரைஃபிள். டிரில்லுக்கு மட்டும். சுடவே முடியாதபடி செய்த த்ரீ நாட் த்ரீ. சுமார் நாலு கிலோ. 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று இந்தியில் கத்தக் கத்த, வெயிலில் தோளில் சுமந்தது மட்டும்தான். அதற்கும் ஞாயிற்றுக்கிழமை கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுக்க வேண்டும். சுடாத துப்பாக்கியில் என்ன அழுக்கு என்று கேட்டதற்கு மைதானத்தை மூன்று சுற்று ஓடினேன். இப்போது, அந்தச் சேற்றுக் குழலைப் பார்த்த பிறகு, சுற்று நியாயம்தான் என்று படுகிறது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தபோது பேப்பரில் படம் பார்த்தேன். தோள் தானாக வலித்தது.

மறுநாள் மாமாவே காட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, ரிப்பேர் லைசென்ஸ் உள்ள மதுரைக் கடை ஒன்றுக்குப் போனார். துப்பாக்கி, லைசென்ஸ் புத்தகம், ரசீது எல்லாம் முறைப்படி. கடைக்காரர் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, 'இனி இதில் சுட வேண்டாம்' என்று சொல்லி, அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார். வேறு குழலுக்கு மனு, அனுமதி என்று காகிதம் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை மக்காச்சோளத்துக்குக் காவல், ஒரு தகர டின்னும் டார்ச்சும். பாதிக் காட்டைப் பன்றி தின்றுவிட்டது. போன வாரம் வழியில் பார்த்தபோது, "சட்டம் எனக்கு மட்டும்தானுங்களா, பன்னிக்கு இல்லீங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

லேத்துத் தம்பி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதல் பந்தியில் முதல் இலை ஹவில்தார் மாமாவுக்கு. பட்டறை வாசலில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக ஒரு போர்டும் மாட்டியிருக்கிறான்: 'இங்கு துப்பாக்கி வேலை செய்யப்பட மாட்டாது.'

அன்றிலிருந்து ஊரில் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரே கேள்வி: "ஏனப்பா, அப்ப இத்தனை நாளா செஞ்சுட்டா இருந்தே?"