பூட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்

செட்டிநாட்டுக் கண்டனூர்த் தெருக்களில் பூட்டிய வீடுகள் ஏராளம். நிலைக்கு மேலே கஜலட்சுமி, திண்ணையில் தூசி, கதவில் கனத்த பூட்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவார்கள். சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குக் காப்பீடு எடுக்கப் போகிறவர்கள் பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றிச் சொல்வார்கள், பூட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். சொன்னால் பிரீமியம் ஏறும், பாலிசியே கிடைக்காமல் போகும் என்ற பயம். பயம் நியாயமானதுதான், ஆனால் மறைத்தால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த பொதுத் தீக் காப்பீட்டுப் பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு: கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிப் பாலிசியில் பதிந்திருக்காவிட்டால், காப்பீடு செல்லாது. பொங்கலுக்குப் பூட்டிய வீட்டை ஆடியில் திறக்கிறவர், தன் பாலிசியில் இதுபோல் எத்தனை நாள் கெடு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

2021 ஏப்ரல் முதல் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் வீட்டுச் சாமான்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் இல்லாமலே பாதுகாப்பு உண்டு. வெள்ளிச் சாமான், பழம்பொருள், ஓவியம் இதில் சேராது. மதிப்போடு தனியாகக் காட்ட வேண்டும். தீ, வெள்ளம் போன்ற விபத்தை ஒட்டி 7 நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் பணம். பூட்டை உடைத்துத் தூக்கிப்போவதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

சொல்ல வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மரக்கட்டைமேல் ஓடும் பழைய வயரிங். சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்ட முகப்பு. விடுதியாக்கிய மேல்மாடி. பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீட்டில் ஒருவர் பெயரில் மட்டும் பாலிசி இருந்தால், அவருக்குக் கிடைப்பது அவர் பங்களவுதான்.

ஒளிக்காமல் சொல்லும் இந்தக் கடமையை 1766-ல் லண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பாக எழுதினார். சுமத்ராவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த ஒரு கோட்டையைப் பற்றிய வழக்கு அது. கோட்டையின் பலவீனத்தைக் காப்பீடு எடுத்த அதன் ஆளுநர் மறைத்தார் என்று காப்பீடு கொடுத்தவர் வாதாடினார், தோற்றார். நல்லெண்ணம் இரு தரப்புக்கும் பொது, தெரிந்திருக்க வேண்டியதைக் காப்பீடு தருபவரும் விசாரித்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

செட்டிநாட்டில் பாலிசி விற்கும் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். வருடத்தில் எத்தனை நாள் வீடு பூட்டியிருக்கும் என்ற கேள்வியை விண்ணப்பத்தில் தமிழில் கேட்கட்டும். அதுவரை வீட்டுக்காரர்களே எழுத்தில் தெரிவித்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னதை நாளைக்கு நிரூபிக்க முடியாது.