வேலைக்கு வரும் ஆயாவுக்கு 'ங்க' கிடையாதா?

அரியலூரில் பிறந்து பெரம்பலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான். இங்கே சின்ன வெங்காயத்துக்கு விலை வந்து பட்டறையைப் பிரித்தால், பத்துப் பெண்கள் உட்கார்ந்து தாள் அறுப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அங்கேதான் ஆட்டம் போடும். அப்போது காதில் விழும் பேச்சுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

டீச்சரை 'மிஸ்', கடைக்காரரை 'அங்கிள்' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற எட்டு வயசுப் பையன், அறுபது வயசு அம்மாவைப் பார்த்து, "ஏய், இங்க வா, அந்தக் கூடையை எடு" என்கிறான். பெற்றவள் பக்கத்திலேயே நிற்கிறாள். "சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?" என்று சிரிப்பு வேறு! யாருக்கு 'ங்க' போடணும், யாருக்கு வேண்டாம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிகிறது. நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். (சொந்தப் பாட்டியை 'நீ, வா' என்பது பாசம், அது வேற.)

அரியலூரில் அம்மா வீட்டுத் தெருவிலும் இதே கதைதான். அரசாங்க ஏட்டில் 'தூய்மைப் பணியாளர்', தெருவில் "குப்பைக்காரன் வந்துட்டான்!"

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, அதே பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கலர் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றைப் பள்ளிக்கூட வாசலில் அவிழ்த்துவிடலாம். நாக்கு வீட்டில் பழகுவதாச்சே!

எங்கள் வீட்டில் சாதாரண ஏற்பாடுதான். வேலைக்கு வருகிறவர்களுக்கு டீ, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது மகன், மகள் இரண்டு பேருக்கும் வேலை. நாங்கள் குடிக்கும் அதே டம்ளர். "ஆயா, டீ குடிங்க" என்று சொல்லித்தான் கொடுக்கணும். "ஊர்ல இல்லாத வழக்கமா?" என்று மாமியார் முணுமுணுத்தார். கணவர் வாயே திறக்கவில்லை (எப்போதும் அப்படித்தான்!). மகள் மட்டும், "ஏம்மா, அவங்களும் பெரியவங்கதானே?" என்று பாட்டி காதில் விழும்படியே கேட்டுவிட்டாள்.

இப்போது, "சர்க்கரை போதுமா?" என்று மாமியாரே விசாரிக்கிறார். டம்ளரை மட்டும் இன்னும் தனியாகக் கழுவச் சொல்கிறார். அடுத்த பட்டறை பிரிக்கும்போது பார்ப்போம்.

- ஒரு வாசகி, பெரம்பலூர்.