விண்மீன் காந்தப்புல அளவீடும் திறந்த மூல மென்பொருளும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

விண்மீனின் காந்தப்புலத்தை எந்தத் தொலைநோக்கியும் நேரடியாக அளப்பதில்லை. தொலைநோக்கிக்குக் கிடைப்பது ஒளி மட்டுமே; அதிலிருந்து இத்தனை காஸ் (காந்தப்புலத்தின் அலகு) என்ற எண்ணைக் கணக்கிட்டுத் தருவது மென்பொருள். அந்த மென்பொருளின் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கவும் இயக்கிப் பார்க்கவும் முடியாத வரை, அறிவிக்கப்படும் எண் சரிபார்க்கப்பட்ட அறிவியல் முடிவு ஆகாது என்பதே இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

காந்தப்புலத்தில் நிறமாலை வரிகள் அகன்று பிளவுறுவதை பீட்டர் சீமன் 1896இல் கண்டறிந்தார். சூரியப் புள்ளிகளில் இதே விளைவை ஜார்ஜ் எல்லரி ஹேல் 1908இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் காட்டினார். சூரியன் அல்லாத ஒரு விண்மீனில், கன்னி விண்மீன் குழுவின் 78ஆம் எண் விண்மீனில், காந்தப்புலம் இருப்பதை ஹொரேஸ் பாப்காக் 1947இல் அறிவித்தார். பிளவு மிகச் சிறியது. 500 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆயிரம் காஸ் புலம் ஒரு சாதாரண வரியை ஏறக்குறைய 0.0014 நானோமீட்டர்தான் நகர்த்தும். ஹவாயில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியின் எஸ்படான்ஸ் கருவி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளியில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே பிளவை விட்டுவிட்டு ஒளியின் தளவிளைவைப் பார்க்கிறார்கள். நம்மை நோக்கிய திசையில் காந்தப்புலம் இருந்தால், வரியின் இரு ஓரங்களிலும் எதிரெதிராகச் சுழலும் வட்டத் தளவிளைவு தோன்றும். பிளவு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இந்தத் தடயம் எஞ்சி நிற்கும்.

ஆனால் அது இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். வேகா விண்மீனில் 2009இல் அறிவிக்கப்பட்ட புலம் ஒரு காஸை விடவும் குறைவு. அதன் தளவிளைவுத் தடயம் மொத்த ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவினது. பிரான்சின் பிக் டு மிடி வானாய்வகத்தில் எடுத்த இருநூறுக்கும் மேற்பட்ட நிறமாலைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஏராளமான வரிகளை மீச்சிறு வர்க்க முறையில் ஒரே சராசரி வரியாக்கிய பிறகுதான் அது தலைகாட்டியது. டோனாட்டியும் உடனாய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட இந்த முறையே இன்று துறை முழுவதிலும் வழக்கில் இருக்கிறது.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். எந்த வரிகளைச் சேர்ப்பது, ஹைட்ரஜன் வரிகளுக்கு அருகில் எவற்றை நீக்குவது, தொடர் நிறமாலையின் மட்டத்தை எங்கே வைப்பது, சராசரி வரியை எந்த எல்லைகளுக்குள் தொகையிடுவது என ஒவ்வொன்றும் ஆய்வாளரின் தேர்வு. ஓர் எடுத்துக்காட்டு: சராசரி வரியைக் கணக்கிடும்போது, காந்தப்புலத்தில் வரி எவ்வளவு பிளவுறும் என்பதைக் குறிக்கும் லாண்டே காரணியை 1.2 என்று கொண்டவர், அடுத்த படியில் புலத்தைக் கணக்கிடும்போது கவனக்குறைவாக 1.4 என்று இட்டால் விடை ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரைபடமும் அழகாகவே இருக்கும். நிரலும் அதற்குக் கொடுத்த உள்ளீடுகளும் கண்முன் இருந்தாலொழிய, கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் இது தெரியவராது.

இது வெறும் ஊகமும் அல்ல. சிலியில் உள்ள, ‘மிகப் பெரிய தொலைநோக்கி’ என்றே பெயர் கொண்ட தொலைநோக்கியின் ஃபோர்ஸ்1 கருவியைக் கொண்டு பல வகை விண்மீன்களில் காந்தப்புலம் கண்டதாகக் கட்டுரைகள் வந்தன. பாஞுலோவும் உடனாய்வாளர்களும் அந்தக் கருவியின் முழுத் தரவுக் காப்பகத்தையும் ஒரே முறையில் மீண்டும் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டபோது, முன்னர் அறிவிக்கப்பட்ட வலுக்குறைந்த கண்டுபிடிப்புகள் பல நிற்கவில்லை. கருவியின் நுண்ணிய அசைவுகளும் தரவைக் கையாண்ட முறையில் இருந்த சிறு வேறுபாடுகளும் உண்மையான பிழை வரம்பை விரிவாக்கியிருந்தன. மூலத் தரவு காப்பகத்தில் திறந்திருந்ததால் இந்த மறு ஆய்வு சாத்தியமானது. நிரல்களும் அப்படியே திறந்திருந்தால், வேறுபாடு எந்தப் படியில் புகுந்தது என்பதை ஊகிக்க வேண்டியிருந்திருக்காது.

நிலைமை மாறி வருகிறது. எஸ்படான்ஸ் தரவுக்குப் பல ஆண்டுகள் மூடிய நிரல் ஒன்றே வழக்கில் இருந்தது. பின்னர் ஓபரா என்ற திறந்த மூல மாற்று வந்தது. அதே தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கருவியான ஸ்பைரூவுக்கான அபெரோ தொகுப்பு பைத்தானில் எழுதப்பட்டு வெளிப்படையாகக் கிடைக்கிறது. சராசரி வரியையும் புல வலிமையையும் கணக்கிட ஸ்பெக்போல்ஃப்ளோ இருக்கிறது. விண்மீன் சுழலச் சுழல மாறும் தடயத்திலிருந்து அதன் பரப்பின் காந்த வரைபடத்தைத் தீட்டும் சீமன்-டாப்ளர் முறைக்கு இசட்டிஐபை உண்டு. இந்தக் கடைசி முறையில் வெளிப்படைத்தன்மை மேலும் அவசியம். ஒரே தரவுக்குப் பல வரைபடங்கள் பொருந்தும். அவற்றில் எளிமையானதைத் தேர்ந்தெடுப்பது நிரலுக்குள் இட்ட நிபந்தனை. விண்மீனின் ஒரு பகுதி நமக்கு எப்போதுமே தெரியாது. அங்கே வரைபடம் காட்டுவது விண்மீனையா நிபந்தனையையா என்பதை நிரலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எதிர்வாதங்கள் உண்டு. அனுபவமில்லாதவர்கள் நிரலை எடுத்துத் தவறான முடிவுகளை வெளியிடுவார்கள் என்பது ஒன்று. மூடிய நிரலைக் கொண்டும் தவறு நேர்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. பல ஆண்டு உழைப்பில் எழுதியதைப் பிறர் இலவசமாக எடுத்துக்கொண்டு கட்டுரை போட்டுவிடுவார்கள் என்ற கவலை இதைவிட நியாயமானது. நிரல் எழுதியவருக்குப் பதவி உயர்விலும் நிதி ஒதுக்கீட்டிலும் உரிய மதிப்பு கிடைக்காத வரை அந்தக் கவலை தீராது. வானியல் மூலநிரல் நூலகம் 1999 முதல் இயங்கி வருவதால், மேற்கோள் காட்ட இடமில்லை என்ற சாக்கு மட்டும் இனி செல்லாது. மூன்றாவது வாதத்தை முழுமையாகவே ஏற்க வேண்டும்: எல்லோரும் ஒரே திறந்த தொகுப்பைப் பயன்படுத்தினால் அதில் உள்ள பிழையும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் தனித்தனியே எழுதப்பட்ட இரண்டு நிரல்களாவது வழக்கில் இருக்க வேண்டும்.

காந்தப்புலம் கண்டதாக அறிவிக்கும் கட்டுரைகளிடம் ஆய்விதழ்கள் நான்கைக் கோர வேண்டும்: பயன்படுத்திய நிரலும் அதன் பதிப்பும், வரிப்பட்டியல், தொகையிட்ட எல்லைகள், உண்மையான தளவிளைவு ரத்தாகும்படி அதே தரவிலிருந்து பெறும் வெற்றுச் சோதனையின் விளைவு. இவை இல்லாத அறிவிப்பு, சரிபார்க்க இயலாதது என்ற குறிப்போடு வெளிவரட்டும். பொது நிதியில் கட்டும் புதிய கருவிகளின் ஒப்பந்தத்திலேயே தரவு மென்பொருளைத் திறந்த உரிமத்தில் வெளியிடும் நிபந்தனை இடம்பெற வேண்டும்.

ஃபோர்ட்ரானிலும், கட்டண உரிமம் தேவைப்படும் ஐடிஎல் மொழியிலும் எழுதிய பழைய நிரல்கள் இன்னும் பலரின் கணினிகளில் இருக்கின்றன. அவற்றை எழுதிய மூத்த ஆய்வாளர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். நிரலை ஒழுங்குபடுத்தி விளக்கக் குறிப்பு எழுதிய பிறகு வெளியிடலாம் என்று காத்திருக்காமல், இருக்கிற நிலையிலேயே ஓர் உரிமத்தைச் சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிடுமாறு அவர்களை இந்த அமைப்பு கேட்டுக்கொள்கிறது.