பதினாறாயிரம் போதுமாம்!

பந்து கூடைக்குள் விழுகிறது. அரங்கம் அதிர்கிறது. ஓரத்தில் நிற்கும் ஒருவர் கைகளை உயர்த்துகிறார். படம் பிடிக்கும் கருவிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்புகின்றன. அவர் தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு அடுத்த நாற்காலியில், மடியில் காகிதக் கட்டோடு ஒருவர் அமர்ந்திருந்தாரே, அவரைப் பார்த்தீர்களா தோழர்களே? பார்த்திருக்க மாட்டீர்கள். நாம் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளிலே அவருக்குத் துணைப் பயிற்சியாளர் என்று பெயர். எதிரணியின் ஆட்டப் படத்தை இரவெல்லாம் போட்டுப் பார்த்து, எவன் இடக்கையால் எறிவான், எவன் களைத்தால் தடுமாறுவான் என்று குறிப்பெடுப்பவர் அவர். ஊர் ஊராகச் சென்று, உயர்நிலைப் பள்ளி மாணவர் வீட்டுக் கதவைத் தட்டி, தாயிடமும் தந்தையிடமும் பேசிப் பிள்ளையை அணிக்கு அழைத்து வருபவரும் அவரே. வென்றால் மாலை தலைவருக்கு. தோற்றுத் தலைவரின் சீட்டுக் கிழிந்தாலோ, புதியவர் தம் ஆட்களோடு வருவார். பழைய துணைவர்கள் பெரும்பாலும் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான்.

படிப்படியாக ஏறலாமே என்பீர்கள். ஏறியவர் உண்டு. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1983இல் துணைவராகச் சேர்ந்த டாம் இஸ்ஸோ 1995இல் தலைவரானார்; 2000இல் நாட்டுக் கோப்பையை வென்றார். வட கரோலினாவின் பில் கத்ரிட்ஜ், புகழ் பெற்ற டீன் ஸ்மித்தின் பக்கத்தில் 1967 முதல் 1997 வரை இருந்தார். முப்பது ஆண்டு! தலைவரானபோது வயது அறுபது. மூன்றே பருவம் பதவி வகித்து, அதிலே இருமுறை அணியைக் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக்கிவிட்டு ஓய்வு பெற்றார். அவர் விரும்பித்தான் இருந்தார் என்பார்கள். இருக்கட்டும். விரும்பி இருப்பவர் வேறு, வேறு வழியின்றி இருப்பவர் வேறு.

அப்படி வழியற்றவர்கள் சட்டைப்பையிலேதான் கத்தரிக்கோல் விழுந்தது. என்.சி.ஏ.ஏ. எனும் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1991இல் ஒரு விதி செய்தது. செலவைக் குறைக்கவாம்! முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிக்குத் தலைவர் ஒருவர், துணைவர் இருவர், நாலாமவர் ஒருவர். அந்த நாலாமவருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது. படிப்புக் காலத்துக்கு 12,000, கோடைக்கு 4,000. 1992இல் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 60,000, 70,000 டாலர் பெற்று வந்தவர்களும் அவர்களிலே இருந்தார்கள்! தலைவரின் சம்பளத்துக்கு அந்த விதியிலே வரம்பு உண்டா? இல்லை.

கேட்டால், இளைஞருக்கு நுழைவாயில் திறந்தோம் என்றார்கள். இனிக்கிறது! ஆனால் அந்த வாயிலில் நுழைந்தவர்களில் பலர் அனுபவம் பழுத்தவர்கள். ஒரு கல்லூரி குறைத்துக் கொடுத்தால் அடுத்த கல்லூரிக்குப் போகலாம். எல்லாக் கல்லூரிகளும் ஒன்றுகூடி ஒரே கூலி என்று கட்டினால் எங்கே போவது?

அவர்கள் மனுப்போட்டுக் காத்திருக்கவில்லை. நார்மன் லாவும் அவரைப் போன்ற பயிற்சியாளர் சிலரும் சேர்ந்து கான்சாஸ் மாநிலத்தில் வழக்கு மன்றம் ஏறினார்கள். முதலாளிகள் கூடி விலை கட்டுவதைத் தடுக்க 1890இல் பிறந்த ஷெர்மன் சட்டம் அவர்கள் கையிலிருந்த ஆயுதம். விதி செல்லாது என்று 1995இல் நீதிபதி கேத்ரின் வ்ராட்டில் தீர்ப்பளித்தார். 1998இல் மேல்முறையீட்டு மன்றமும் அதையே சொல்லிற்று. அந்த ஆண்டே, பிற ஆட்டங்களின் பயிற்சியாளரையும் சேர்த்து, இழப்பு 2 கோடியே 23 லட்சம் டாலர் என்று ஜூரிகள் கணக்கிட்டார்கள். சட்டப்படி அது மும்மடங்காகும். கடைசியில் 1999இல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சங்கம் இணங்கி வந்தது.

நாலாமவரின் கூலியிலே மிச்சம் பிடிக்கப் போனவர்கள் எண்ணி வைத்த தொகை இது. நமக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் 1992இல் பதினாறாயிரத்துக்குக் கையெழுத்திட்ட பயிற்சியாளர், தம் பங்கைக் காண ஏழு ஆண்டு காத்திருந்தார். அந்த ஏழு ஆண்டும் அவர் வீட்டு வாடகையை யார் கட்டினார்கள்?