டாக்டர் யாருடைய ஆள்?

வைத்தியம் கெட்டுவிட்டது என்று புலம்பும் அருமனை நண்பர்கள் பழைய வர்ம ஆசான்களைத் துணைக்கழைக்கிறார்கள். இந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. ஏட்டைச் சீடனுக்கே முழுசாகக் காட்டாதவர் ஆசான்.

சம்பளந்தான் பாவம் என்பதும் சோம்பேறித்தனமான பதில். பக்கத்து நெய்யூரில் 1838-ல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணியில், 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் வந்து சேர்ந்தார். அவரும் ஒரு ஸ்தாபனத்தின் ஊழியரே. மிஷனுக்கு ஆத்மாக்களின் கணக்கு இருந்தது. கத்தியை எடுப்பதா வேண்டாமா என்பது அவர் கணக்கு.

சென்ற மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இந்த ஸ்கேன் அவசியந்தானா என்று இளம் டாக்டரிடம் கேட்டேன். அவர் மூடியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொடுத்தார். அந்தப் பார்வையில், அறையில் இல்லாத மூன்றாமவன் ஒருவன் இருந்தான்.

காசு வாங்கிச் செய்யும் வைத்தியத்தை 1995-ல் உச்சநீதிமன்றம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. டாக்டர்மீது வழக்குப் போட எனக்கு உரிமை கிடைத்தது, வேண்டியதுதான். ஆனால் கதவுக்கு அப்பாலிருப்பவனிடம் ‘முடியாது’ என்று சொல்ல அந்த இளைஞருக்கு என்ன உரிமை இருக்கிறது? ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாதவர் சொல்லும் ‘வேண்டும்’ என்ற சொல்லை நான் எதை வைத்து நம்புவது?