சாமை விளையும் மலைக்கு இரும்பு அரிசி எதற்கு?

செறிவூட்டப்பட்ட அரிசியை 2028 டிசம்பர் வரை தொடர்ந்து வழங்குவது என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு எடுத்த முடிவும், அதற்கு ஒதுக்கிய ரூ.17,082 கோடியும் வாசகர்கள் அறிந்தவை. அதையொட்டி மருத்துவர்களும் உழவர் அமைப்புகளும் எழுப்பிய ஆட்சேபங்களும் புதியவை அல்ல. அந்த முடிவு ஜவ்வாது மலையில் எதைச் செய்தது என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விளைவித்து உண்டு வந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, அரிசி மாவில் இரும்பு உள்ளிட்ட சத்துக் கலவையைச் சேர்த்து, எந்திரத்தில் மணியாக வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்று கலந்த அரிசியைத் தந்தார்கள். இரத்தசோகைக்கு இதுவே தீர்வு என்றார்கள். இது தவறான முடிவு. சிறுதானியம் கேட்டு வாங்க வழியே இல்லாமல் இதைத் தந்தது அதைவிடப் பெரிய தவறு.

ரேஷன் அரிசி பசியை விரட்டியது என்பதில் நமக்கு ஐயமில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய் என்றும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் வந்த அரிசி, மலையில் உலை கொதிக்காத நாட்களைக் குறைத்தது. ஆனால் பசிக்கான பதிலையே சத்துக்கான பதிலாகவும் நீட்டுவதற்கு ஆய்வு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் எங்கே?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, அரிசி செறிவூட்டல் குறித்த ஆய்வுகளை 2019இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தது. இரும்பு சேர்த்த அரிசியால் இரத்தசோகை வரும் வாய்ப்பில் சிறிதளவே மாற்றம் இருக்கலாம், அல்லது மாற்றமே இல்லாமல் போகலாம் என்பதுதான் அதன் முடிவு. நம் நாட்டிலேயே 2016 முதல் 2018 வரை நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், இரத்தம் எடுத்துச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒன்று முதல் நான்கு வயது வரை இரத்தசோகை இருந்த குழந்தைகளில், இரும்புக் குறைவால் அது வந்தவர்கள் 36.5 விழுக்காட்டினரே. ஐந்து முதல் ஒன்பது வயதில் அது 15.6 விழுக்காடாக இறங்கியது. வளரிளம் பருவத்தில் இரும்பைவிட ஃபோலேட், பி12 குறைவே கூடுதல் காரணமாக இருந்தது. இரத்தசோகை என்றாலே இரும்பு என்று முடிவு கட்டியவர்கள் இந்த எண்களைப் பார்த்தார்களா?

இனி சாமைக்கு வருவோம். ஏனென்றால் ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான்.

சாமை மானாவாரிப் பயிர். சரிவு நிலத்தில், மழையை மட்டும் நம்பி, மூன்று மாதத்தில் கதிருக்கு வந்துவிடும். ஜமுனாமரத்தூரைச் சுற்றியும் புதூர்நாட்டுப் பக்கமும் மண்ணுக்கும் மழைக்கும் பழகிய பயிர் இது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிறுதானியத்துக்கென்றே ஆய்வு மையம் நடத்துகிறது. அங்கிருந்து அத்தியந்தல் 1 என்ற சாமை ரகமே வெளிவந்திருக்கிறது. விதை இருக்கிறது, நிலம் இருக்கிறது, விளைவிக்கத் தெரிந்த கை இருக்கிறது, ஆராய்ச்சி நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இத்தனையும் இருக்க, மலையில் விளைந்த சாமை மூட்டை கட்டிக் கீழே இறங்குகிறது. கீழே எங்கோ அரைத்த அரிசி மேலே ஏறுகிறது. நகரத்துக் கடைகளில் கண்ணைக் கவரும் பொட்டலத்தில் ஆரோக்கிய உணவாக அடுக்கப்படும் சாமையை, அதை விளைவித்தவர் வீட்டுப் பிள்ளை அங்கன்வாடித் தட்டில் பார்ப்பதில்லை.

ஏன் அந்த வீட்டில் சாமைச் சோறு குறைந்தது? ரேஷன் அரிசியை வாங்கி வந்து உலையில் போடலாம். சாமையை உமி நீக்க வேண்டும். உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். இந்தப் பாடு முழுவதும் பெண்களின் தோளில்தான் விழுந்தது. காலையில் காட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர் மாலையில் வந்து சாமை குத்த முடியாது என்று விட்டால், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஊருக்கு ஊர் சிறிய உமி நீக்கும் எந்திரம் நிறுவியிருந்தால் இந்தப் பாடு தீர்ந்திருக்கும். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே மலைவாழ் மக்களோடு சேர்ந்து அதைச் செய்து காட்டியது. பதினேழாயிரம் கோடியில் ஒரு துளி போதும், ஜவ்வாது மலையின் சிற்றூர்கள் எல்லாவற்றிலும் அப்படியோர் எந்திரம் ஓட. அந்தத் துளியை ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

விலைக்கு வருவோம். சாமைக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் இருக்கிறது, சாமைக்கு இல்லை. 2018இல் அரசிதழில் சாமையையும் சேர்த்துச் சத்துத் தானியம் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டைத் தேசியச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினார்கள். 2023 ஐ.நா.வின் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சிறுதானியத்துக்கு ஸ்ரீ அன்னா என்று பெயரும் சூட்டினார்கள். பட்டமும் விழாவும் விருந்துகளும் கிடைத்த அந்தத் தானியத்துக்கு ஒரு விலை மட்டும் கிடைக்கவில்லை. அறுத்த கையோடு, உமியோடு, வியாபாரி சொல்லும் விலைக்கு விற்றுவிட்டு, அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நிலைக்கு அந்த உழவரைத் தள்ளியது இயற்கை அல்ல. இத்தகைய முடிவுகள்தான் தள்ளின.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் சேர்த்தே எழுதப்பட்டது; கிலோ ஒரு ரூபாய் என்று விலையும் குறித்தது. ஒடிசா 2017இல் பழங்குடி மாவட்டங்களில் தனிச் சிறுதானிய இயக்கம் தொடங்கி, கேழ்வரகை உழவரிடம் ஆதரவு விலையில் வாங்கி ரேஷனில் கொடுத்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கேழ்வரகு உருண்டை கொடுத்தது. தமிழ்நாட்டில் 2023 மே மாதம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரும் சோதனைத் திட்டம் தொடங்கியது. வரவேற்றோம். ஆனால் ஜவ்வாது மலை பரந்து கிடக்கும் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சாமை எந்தப் பட்டியலிலும் இல்லை.

சாமையிலும் இரும்பு குறைவுதானே என்று ஒரு வாதம் வரும். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறோம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, நூறு கிராம் சாமையில் இரும்பு சுமார் 1.3 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. செறிவூட்டப்பட்ட அரிசியைவிடக் குறைவு. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே அட்டவணையில் சாமையின் புரதம் 10 கிராமுக்கு மேல், அரிசியின் புரதம் 8 கிராமுக்குக் கீழ். நார்ச்சத்து சாமையில் ஏறத்தாழ 7.7 கிராம், அரிசியில் 2.8. இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021இல் தொகுத்து வெளியிட்ட மதிப்பீட்டில், சிறுதானியத்தை முறையாக உண்டவர்களுக்கு ஹீமோகுளோபின் சராசரியாக 13.2 விழுக்காடு கூடியது. உடல் ஒரு மில்லிகிராமை மட்டும் தனியே பிரித்து உண்பதில்லை. கூட உண்ணும் கீரை, பயறு, நெல்லிக்காய் ஆகியவற்றைப் பொறுத்தே இரும்பு உடலில் சேர்கிறது. ஜவ்வாது மலைக் காட்டில் நெல்லி காய்க்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி, தானியத்தின் இரும்பை உடல் ஏற்க உதவுவது மருத்துவம் அறிந்த செய்தி.

இன்னோர் ஆய்வும் நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 2025 செப்டம்பரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் நீரிழிவு ஆய்வின்படி, இந்தியர் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அரிசியை எடுத்துவிட்டுச் சிறுதானியம் வைத்தால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைந்துவிடாது, மொத்த மாவுச்சத்து குறைந்து பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் கூட வேண்டும் என்கிறது அந்த ஆய்வு. சாமை நிலத்தில் ஊடுபயிராகத் துவரை போடுவது உழவர் அறிந்த முறை. சாமையை ஓரம் கட்டும்போது அதோடு வளர்ந்த பயறும் தட்டைவிட்டுப் போகிறது. வயதுவந்தோர் நூறு பேரில் 14 பேருக்கு மேல் நீரிழிவு கொண்ட மாநிலம் தமிழ்நாடு. இங்கே மலை மக்களின் தட்டிலும் அரிசியை மட்டும் குவிப்பவர்கள், நாளைய மருத்துவமனை வரிசையை இன்றே நீளமாக்குகிறார்கள்.

இவர்களின் பொறுப்பின்மைக்கு அழிக்கப்பட்ட எச்சரிக்கை வரியே சாட்சி. தலசீமியா என்ற மரபுவழி இரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் இரும்பு செறிவூட்டிய உணவை உண்ணலாம், அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று 2018இன் விதி பொட்டலத்தில் அச்சிடச் சொன்னது. 2023 ஜூலையில் அரிவாள் செல் நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கி, தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் ஏழு கோடிப் பேரைச் சோதிப்போம் என்றார்கள். சரியாக ஓராண்டில், 2024 ஜூலையில், அந்த எச்சரிக்கை வரியை நீக்கினார்கள். வேறெந்த நாட்டிலும் இப்படியோர் எச்சரிக்கை இல்லை, இரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்போடு ஒப்பிட்டால் அரிசியில் வருவது அற்பம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இரத்தம் ஏற்றிக்கொள்ளாத தலசீமியா நோயாளியின் நிலை என்ன? அவர் உடலில் இரும்பை மட்டுப்படுத்தும் ஹெப்சிடின் சுரப்பு குறைந்து, உணவிலிருந்தே இரும்பு அளவுக்கு மீறி ஏறும். முதலில் மலை மக்கள் அனைவரையும் சோதித்து, யாருக்கு என்ன என்று தெரிந்த பிறகு வரியை நீக்கியிருந்தால் புரிந்துகொண்டிருப்போம். மூட்டையிலிருந்து அளந்து போடும் ரேஷன் அரிசியில் அந்த வரி மக்கள் கண்ணுக்கு எட்டியதே இல்லை. எட்டாத வரியையும் விட்டுவைக்க மனமில்லை.

இது இவர்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. 2019இல் 15 மாவட்டங்களில் சோதனை முறையில் செறிவூட்டிய அரிசி என்றார்கள், தமிழ்நாட்டுக்குத் திருச்சி. அந்தச் சோதனை முடியும் முன்பே, 2021 ஆகஸ்ட் 15 அன்று, நாடு முழுவதற்கும் என்று அறிவித்தார்கள். முடிவை முன்பே எழுதிவிட்டு எதற்குச் சோதனை? நிறம் மாறிய மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சி மக்கள் பொறுக்கி எறிந்தபோது, அறியாமை என்று பேசினார்கள். வீட்டுக்கு வரும் சோற்றில் என்ன கலந்திருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லாதவர்கள் யார்? இரும்பு மாத்திரைத் திட்டம் 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அடுத்தடுத்த இரு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் சொல்வது, பெண்களில் இரத்தசோகை 53.1 விழுக்காட்டிலிருந்து 57 ஆகவும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 விழுக்காட்டிலிருந்து 67.1 ஆகவும் உயர்ந்தது என்பதே. தமிழ்நாட்டுக் குழந்தைகளிலும் 50.7 விழுக்காடு 57.4 ஆனது. மாத்திரை ஏன் பயன் தரவில்லை என்று ஒரு நாளும் உட்கார்ந்து ஆராயாமல், மாத்திரையில் இருந்ததை அரிசிக்குள் மாற்றி வைத்தார்கள்.

டெல்லியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் இவர்கள் ஒரே மாதிரிதான் முடிவெடுக்கிறார்கள். சாமை விளையும் மலையில் அரிசியைச் சாப்பிடச் சொல்வார்கள். சாமையை மேடையில் புகழ்ந்து, கொள்முதல் நிலையத்தில் மறப்பார்கள். வெளிநாட்டு மாநாட்டில் பழங்குடியின் பாரம்பரிய அறிவு என்று பேசுவார்கள். நம்மியம்பட்டிலோ வீரப்பனூரிலோ ஒரு கூட்டம் போட்டு, உங்களுக்கு என்ன தானியம் வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். பிழை என்று தெரிந்த பிறகும் திருத்த மாட்டார்கள், ஏனெனில் திருத்தினால் பிழை செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். விலை கொடுப்பவர்கள் மலை மக்களாக இருக்கும்வரை இவர்களுக்கு அவசரம் எதுவும் இல்லை.

ஜவ்வாது மலையின் உணவை ஜவ்வாது மலை மக்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். மலையில் விளைவதற்கு மதிப்பும், மலையில் உண்பதற்குத் தேர்வும், மலையில் நோயுற்றவருக்கு முதலில் சோதனையும் கிடைக்க வேண்டும். இவற்றை எந்த வடிவில், எந்தத் துறை வழியே செய்வது என்பதை உரியவர்கள் கூடி முடிவு செய்யட்டும். ஆனால் செய்தே ஆக வேண்டும். சாமை விளைவிக்கும் மக்களின் வீட்டுச் சோற்றைச் சாமை அறியாதவர்கள் தீர்மானிக்கும் வழக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.