லைசென்ஸுக்கு ஊர் உண்டா?

பிழைப்பை நாடி நாக்பூருக்கு வந்து சேரும் நம்மவர் குடும்பங்கள், குழந்தைகளின் பள்ளிக்கூடம், ரேஷன், காஸ் இவற்றுக்கெல்லாம் உரிய ஏற்பாடு செய்து முடிக்கும் வரை ஓய்வதில்லை. சட்டைப் பையில் உறங்கும் டிரைவிங் லைசென்ஸை மட்டும், போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தும் நாள் வரையில் எவரும் நினைப்பதில்லை. பிறகோ ஆளுக்கொரு யோசனை. “சொந்த ஊருக்குப் போய்த்தான் புதுப்பிக்க வேண்டும்” என்பார் ஒருவர். “பழையதை மறந்துவிட்டு இங்கே புதிதாக எடுத்துவிடும்” என்பார் மற்றொருவர். இரண்டுமே பிழையான யோசனைகள்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். எந்த மாநிலத்தில் வழங்கப்பட்ட லைசென்ஸும் இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது 13-ஆம் பிரிவு. லைசென்ஸ் அதிகாரி எவரும் அதைப் புதுப்பிக்கலாம் என்கிறது 15-ஆம் பிரிவு. புதுப்பித்த செய்தியை முதலில் வழங்கிய அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் புதுப்பித்தவரையே சாரும். லைசென்ஸ் நடப்பில் இருக்கையில் மற்றொன்று வைத்திருப்பதை 6-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே புதிதாக எடுக்கச் சொல்லும் தரகர், நம் பணத்தைக் கொண்டே நம்மைக் குற்றவாளியாக்குகிறார்.

நமது சங்கத்து அன்பர் ஒருவர் மின்சாரப் பழுது பார்ப்பவர். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சென்றால்தான் அடுப்பெரியும். திருநெல்வேலிப் பக்கத்தில் 2005-இல் பெற்ற அவரது லைசென்ஸ் 2025-இல் காலாவதியாயிற்று. இங்குள்ள ஓர் அலுவலகத்தில், அவர் எண் கணினியிலேயே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாயிலில் நின்ற தரகர் ஆறாயிரம் ரூபாய் கேட்டார். வேலை கொடுத்தவரோ, லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான்: கையால் எழுதப்பட்ட பழைய பதிவேடுகளில் பல, ‘சாரதி’ என்னும் கணினிப் பதிவில் ஏறவில்லை. அதை ஏற்ற வேண்டியது முதலில் வழங்கிய அலுவலகம். ஊரிலிருந்த அவருடைய மைத்துனர் லைசென்ஸ் நகலும் மனுவுமாக அங்கே இரண்டு நடை நடந்தார், பதிவு ஏறிற்று. நாற்பது வயதைக் கடந்தவராதலால் மருத்துவர் சான்றான 1-ஏ படிவத்தையும் இணைத்து, இங்கேயே மனுச் செய்து புதுப்பித்துக்கொண்டார். தரகருக்கு ஒரு காசும் போகவில்லை.

இதில் காலக்கணக்கு முக்கியம். காலாவதிக்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்கலாம். கெடு கடந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டியாக வேண்டும். முன்பு கெடுவுக்குப் பின் முப்பது நாள் சலுகை இருந்தது; 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. காலாவதியான லைசென்ஸோடு ஓட்டி விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு நம்மிடமே வசூலிக்க வரலாம். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அதில் கரைந்து போகும்.

வண்டியின் கதை வேறு. ஊரிலிருந்து கொண்டுவந்த வண்டி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே தங்குமானால் 47-ஆம் பிரிவின்படி புதிய எண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று அவசியம். இங்கே வரி கட்டிய ரசீதைக் காட்டினால், அங்கே கட்டிய வரியில் எஞ்சிய பகுதியைத் திரும்பக் கேட்கலாம். மாற்றல் உத்தியோகத்திலுள்ள அரசாங்க ஊழியர் புது வண்டி வாங்கும்போது, 2021 முதல் வழங்கப்படும் ‘பி.ஹெச்.’ வரிசை எண் பெற்றால் இந்த அலைச்சலே இல்லை.

கோப்புகளுக்கு நடுவே காலந்தள்ளும் ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் நாம் ஒன்று சொல்வோம். “இங்கே முடியாது” என்று வாயால் சொல்வது எவருக்கும் எளிது. எழுதிக் கையொப்பமிடுவது எளிதன்று. ஆகையால் சினம் கொள்ளாமல், எந்த விதியின்படி முடியாதென்று எழுதித் தரக் கேளுங்கள். மனுவின் நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பாஷை தெரியவில்லையென்றால், தெரிந்த சங்கத்து நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்றிரவே வீட்டிலுள்ள லைசென்ஸுகளை எடுத்து, கெடு முடியும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.